விழுங்கிய ஒன்றரை நிமிடம்

கிளைக்குழுத் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்: ‘தொழிற்சங்கத்துக்குள் புரட்சிகர இடதுசாரிகளின் பங்கு.’ நல்ல தலைப்பு. ஒரு கப்பலையே அதற்குள் திருப்பலாம், அவ்வளவு அகலம். மூன்று கிழமையாக அதற்குக் கீழே எழுதிப் பார்க்கிறேன். எழுதுகிறதெல்லாம் நான் முன்பு விநியோகித்த துண்டுப்பிரசுரங்களைப் போலவே வருகிறது. வசனங்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குள் ஆள் இல்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இரண்டு நிமிடம் மட்டும். கன்டீன் முற்றத்தில், பின்நேரம் இரண்டரைக்கு, வேலை மாறுகிற நேரத்தில் நடந்த இரண்டு நிமிடம். அதிலும் ஒன்றரை நிமிடத்தை நான் விழுங்கிவிட்டேன். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதை எழுதுகிறேன். பாடம் எது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் இத்தனை ஆண்டு இப்படி அலைந்திருக்க மாட்டேன்.

அப்போது நான் ஜெட்டியில் டலி கிளாக், இறங்குகிற சரக்கை எழுதிக்கொள்கிறவன். சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். பசளைக் கப்பல்கள் வரும். வயலுக்குப் போடுகிற பசளை மலைபோல் கொட்டுப்படும், மூடையில் போகும். மூடைகளின் வாயைத் தைக்கிறவர்கள் பதினெட்டுப் பெண்கள். அவர்கள் நிரந்தர ஆட்கள் அல்ல, மேன்பவர் ஏஜென்சி அனுப்புகிற ஆட்கள். எங்களை நிறுத்த வேண்டுமென்றால் கம்பனி விசாரணை வைக்க வேண்டும். அவர்களை நிறுத்த ஏஜென்சிக்கு ஒரு டெலிபோன் கோல் போதும். அவர்கள் சங்கத்திலும் இல்லை. சங்கத்தின் யாப்பு, அதாவது அதன் சட்டம், அந்த நாளில் நிரந்தர ஆட்களை மட்டும்தான் சேர்த்துக்கொண்டது. பழைய யாப்பு என்றோம். மாற்றவேண்டும் என்றோம். மாற்றவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரில் மேர்சி என்று ஒருத்தி. கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த பிள்ளை. தையல் மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு மூடைக்கு மூடை போவாள். தலைமயிரில் எப்போதும் நூல் துண்டு ஒட்டியிருக்கும். வாயும் அந்த மெஷின் மாதிரித்தான். “செக்கிறட்டரி அண்ணே, உங்கட சங்கம் எங்களுக்கு என்ன முறை? மாமியோ, சித்தியோ?” என்று ஒருநாள் கேட்டாள். நான் சிரித்தேன். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சிரிப்பது எனக்கு அப்போதே பழக்கம்.

இனி, உங்கள் தலைப்பில் வருகிற ‘புரட்சிகர இடதுசாரிகள்’. அது நாங்கள் ஆறு பேர். சங்கத்தின் கிளைத் தலைவர் சுனில் தோழர், கிரேன் ஓட்டுகிற சிங்களவர். செயலாளர் நான். மற்ற நால்வரும் செயற்குழுவில். ஒரு சின்னக் கட்சி, பெயர் வேண்டாம். சனிக்கிழமைகளில் ஒரு தோழரின் சலூனில் கூடுவோம். யாராவது வந்து எட்டிப் பார்த்தால் ஒருவர் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். புரட்சிக்காக நான் அந்த ஆண்டு தேவைக்கு மேலாக முடி வெட்டியிருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் என்ன முடிவு வரவேண்டும் என்பது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சனிக்கிழமையே தீர்ந்துவிடும். அடுத்த கிழமை கூட்டத்தில் கைகள் உயரும். இது தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் முழுக்கத் தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. யாராவது முதலில் யோசிக்கத்தானே வேண்டும்?

ரமோன் வந்தது அந்தச் சமயத்தில்தான். கப்பலின் வயிற்றிலிருந்து பசளையை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் ஒன்று ஸ்பெயினிலிருந்து வந்தது, அதைப் பொருத்த வந்த பிட்டர் அவர். என் வயதுதான். மத்தியானத்தில் எங்களோடு சோற்றுப் பார்சல் அவிழ்த்து, கையால் பிசைந்து, உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டபடி கதைப்பார். அவருடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும் ஏறத்தாழ ஒரே அளவு நொண்டி. அதனால் ஒன்றாக நடக்க முடிந்தது.

அவருடைய அப்பா ஸ்பெயினின் வடகரையில் ஒரு கப்பல்கட்டும் தளத்தில் வேலை செய்தவராம். அங்கே சர்வாதிகாரி ஆண்ட காலம். அரசாங்கத்தின் சங்கம் ஒன்றைத் தவிர வேறு சங்கம் கூடாது. ஆட்கள் அந்தச் சங்கத்துக்குள்ளேயே புகுந்து பிரதிநிதிகளானார்கள். வெளியே கிறிஸ்தவக் கோவில் மண்டபங்களில் ஒளித்துக் கூடித் தங்கள் சொந்தக் குழுக்களைக் கட்டினார்கள். அதில் பெரிய கட்சிக்காரரும் இருந்தார்கள், புரட்சி வேண்டும் என்ற சின்னச் சின்னக் கட்சிகளும் இருந்தன. முதலில் சிறைக்குப் போனவர்களில் பலர் சின்னக் கட்சிக்காரர். பிரசுரம் கொடுத்தது அவர்கள். தளத்தில் இருக்கிற எல்லாரும், அங்கத்தவரோ இல்லையோ, ஒரே முற்றத்தில் கூடிக் கை உயர்த்தித்தான் முடிவெடுக்க வேண்டும், அனுப்பின பிரதிநிதி சரியில்லை என்றால் அதே கைகளால் திருப்பி அழைக்கலாம் என்ற வழக்கத்தைப் பிடிவாதமாகக் காத்ததும் அவர்கள்தானாம்.

“பிறகு?” என்றேன்.

“பிறகு சர்வாதிகாரி செத்தான். பெரிய கட்சிகள் மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. முற்றத்துக் கூட்டங்கள் குறைந்தன. என் அப்பாவின் ஆட்கள் அது துரோகம் என்றார்கள்.”

“துரோகம்தானே?”

“ஓம். ஆனால் கேள். ஒரு வேலைநிறுத்தம். ஆட்கள் களைத்துப்போனார்கள். முற்றத்தில் மைக் என் அப்பாவிடம் இருந்தது. திரும்பி வேலைக்குப் போவோம் என்று சொல்ல யாராவது கை உயர்த்தினால் மைக் அந்த ஆளிடம் போகவே இல்லை. நிற்போம் என்கிறவரிடம் போனது. இன்னும் மூன்று வாரம் இழுத்தது. முதலில் வேலை இழந்து வெளியே போனவர்கள் யார் தெரியுமா? கொந்தராத்து ஆட்கள், உங்கள் ஏஜென்சிப் பெண்களைப் போல.” பருப்பை வழித்தார். “அப்பா சொல்லுவார், நாங்கள் எல்லாவற்றிலும் சரியாக இருந்தோம், ஆனால் வருடத்துக்கு வருடம் எங்களைக் கேட்க வந்தவர்கள் குறைந்தார்கள் என்று.”

“நீங்கள் அப்பாவுக்கு எதிரோ?”

“நான் அதே கட்சி. எங்கள் நகரத்தில் பதினொரு பேர்.”

“நாங்கள் ஆறு.”

“பரவாயில்லை” என்றார் ரமோன், கண்ணுக்கெட்டாமல் விரிந்த கொட்டியாரக் குடா முழுவதையும் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு. “உங்கள் துறைமுகம் சின்னதுதானே.”

இப்படிப் பகிடிவிடும் மனிதர். அதனால்தான் அவரைக் கூட்டத்தில் பேசவைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

கூட்டம் எதற்கு? பதினெட்டுப் பெண்களையும் நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. நேர்மையான கோரிக்கை, இன்றைக்கும் அதில் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். ஒரு பெரிய கப்பல் வரவிருந்தது. அது வந்து கட்டுகிற அன்று சரக்கில் கை வைக்காமல் நின்றால் கம்பனி பேசவரும். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போதோ. சலூனில் ஐந்து பேர் சரி என்றார்கள். நான் மட்டும் கேட்டேன், “அந்தப் பிள்ளையளிட்டக் கேட்டனாங்களோ?”

சுனில் தோழர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். அவருடைய தமிழ் சந்தையில் படித்த தமிழ், ஆனால் தெளிவு. “மச்சான், கேட்டா பயத்தில ஏலாது எண்டு சொல்லுவினம். பிறகு அவையளே ஏலாது எண்டு சொன்னதை நாங்க கம்பனியிட்ட எப்பிடிக் கேக்கிறது? முதல்ல வெண்டு குடுப்பம்.”

அந்தக் கதை எனக்குச் சரியாகப் பட்டது. இன்று எழுதும்போதும் ஒரு பக்கத்தால் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. அதுதான் என் வருத்தமே.

கூட்டத்தன்று முற்றம் நிறைந்திருந்தது. முற்றத்தைச் சுற்றிக் கம்பிவேலி, ஒரு சின்னக் கேற். அங்கத்தவர் மட்டும் உள்ளே. பெண்கள் பதினெட்டுப் பேரும் வேலிக்கு வெளியே, முகத்துத் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், எங்கள் நகரத்துத் தெருக்களில் திரிகிற மான் இரண்டு. எங்கள் பிரசுரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கொண்டது அன்று அந்த மான்கள் மட்டும்தான்.

சுனில் தோழர் பேசினார். பிறகு, “ஸ்பெயின் நாட்டுத் தோழர் வாழ்த்துச் சொல்லுவார், செக்கிறட்டரி தமிழிலையும் சிங்களத்திலையும் சொல்லுவார்” என்றார். வாழ்த்து. அவ்வளவுதான் திட்டம்.

ரமோன் எழுந்தார். முதல் வசனம் வாழ்த்து. பிறகு வேலிப் பக்கம் திரும்பினார். கையை நீட்டி அந்தப் பெண்களைக் காட்டினார். அவர் சொன்னதை எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க முடியும்:

“இந்த வேலைநிறுத்தம் அவர்களுக்காக. தோற்றால் முதலில் அவர்கள்தான் இழப்பார்கள். அப்படியென்றால் முதலில் அவர்கள்தான் கை உயர்த்த வேண்டும். அந்தக் கேற்றைத் திறவுங்கள். அவர்கள் உள்ளே வரட்டும். அவர்கள் ஓம் என்றால் கடைசிவரை நில்லுங்கள். இல்லை என்றால் அவர்களுடைய பெயரில் நீங்கள் இதைச் செய்யக்கூடாது. எங்கள் நாட்டில் நாங்கள் இதில்தான் பிழைவிட்டோம். நான் அந்தப் பிழையைச் செய்தவரின் மகன்.”

உட்கார்ந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு மூச்சு இழுக்கிற அளவுதான் நேரம். அந்த மூச்சுக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று கேட்டால் வெட்கக்கேடு. கப்பல் ஓடியது. சனிக்கிழமை ஓடியது. கேற்றைத் திறந்து, அவர்கள் வந்து, பயந்து, ஏலாது என்று சொல்லி, எங்கள் ஆறு பேரின் முகம் கறுப்பது ஓடியது. இந்த மனிதர் அடுத்த மாதம் விமானம் ஏறிவிடுவார், இருக்கப்போவது நாங்கள் என்பது ஓடியது. பக்கத்தில் சுனில் தோழர் மெதுவாக, “சுருக்கமாச் சொல்லு மச்சான்” என்றார். அவருக்கு இங்கிலிஷ் எவ்வளவு விளங்கியது? நேரம் போகிறது என்றாரா, விழுங்கு என்றாரா? கேட்டிருக்கலாம். பிறகு எத்தனையோ நாள் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தோம். கேட்கவில்லை. பழியில் பாதி அவருடையதாகவும் இருக்கலாம் என்ற அந்தச் சின்னச் சந்தேகம் எனக்குத் தேவைப்பட்டது போல.

நான் சொன்னேன்: “ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர் எங்களோட நிக்கினம். வேலிக்கு வெளியில நிக்கிற எங்கட சகோதரிகளுக்காக நாங்க செய்யிறது சரி எண்டு தோழர் சொல்லுறார். கடைசிவரை நிக்கச் சொல்லுறார்.”

அதையே சிங்களத்திலும் சொன்னேன். ஒரே களவை இரண்டு மொழியில், இலக்கணம் பிசகாமல்.

கைதட்டல். சுனில் தோழர் தீர்மானத்தை வாசித்தார். கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன.

இனி நடந்ததுதான் என்னை விடாமல் துரத்துவது. அந்தக் கைகளைப் பார்த்து ரமோனின் முகம் மலர்ந்தது. அவருடைய யோசனைக்குத்தான் கை உயர்ந்தது என்று நினைத்துவிட்டார். எழுந்து, சனத்துக்குள் வழி விலக்கி, நேரே கேற்றடிக்குப் போய்க் கொழுக்கியைத் தூக்கினார். காவலாளி அவருடைய கையைப் பிடித்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார், “ஏன் இவர் திறக்கவில்லை? ஓம் என்றுதானே சொன்னார்கள்?”

அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கப்பல் வந்தது, நாங்கள் கை வைக்கவில்லை. பெண்களும் வரவில்லை. ஐந்து நாள். ஐந்தாம் நாள் கம்பனி ஒரு தாளில் கையெழுத்து வைத்தது: இனிமேல் மூடை தைக்கும் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்கள் படிப்படியாக நிரந்தரமாக்கப்படுவார்கள். ‘இனிமேல் எடுக்கப்படுகிறவர்கள்.’ அந்த இரண்டு சொல்லின் பாரம் எங்களுக்கு ஆறாம் நாள் காலையில் கேற்றடியில்தான் தெரிந்தது. உள்ளே விடும் பெயர்ப்பட்டியலில் பதினெட்டுப் பேரில் ஒருத்தியின் பெயரும் இல்லை. வேலைநிறுத்தத்தின் முதல் நாளே ஏஜென்சி அவர்களுக்குக் கோல் எடுத்துவிட்டதாம், இனி வரவேண்டாம் என்று.

சுனில் தோழரை நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. அவர் உள்ளே போகவில்லை. பிள்ளைகள் போகாமல் நான் போகமாட்டேன் என்று கேற்றுக்கு வெளியே நின்றார், மூன்று நாள், தனியே. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். தலையைக் குனிந்து போனவர்கள் இருந்தார்கள், “கோபிக்காதைங்க தோழர்” என்று தோளில் தட்டிப் போனவர்களும் இருந்தார்கள். நான் அவர் நின்ற இரண்டாம் நாள் உள்ளே போனேன். செயலாளர் உள்ளே இருந்தால்தான் பேச முடியும் என்று காரணம் சொன்னேன். அதுவும் சரியான காரணம்தான். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளுக்கெல்லாம் சரியான காரணம் இருந்திருக்கிறது.

அந்த ஆறாம் நாள் மேர்சி என்னிடம் வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

“அந்த ஸ்பெயின்காரர் எங்களைக் காட்டிக் கதைச்சவர் எல்லோ, அண்ணே?”

“ஓம்.”

“ரெண்டு நிமிசம் கதைச்சவர். நீங்க அரை நிமிசத்தில முடிச்சிட்டீங்க. மிச்சம் எங்க?”

நான் சிரித்தேன். அந்தப் பழைய சிரிப்பு. அவள் போய்விட்டாள்.

ரமோனுக்கு உண்மையைச் சொன்னேன், அவர் புறப்பட முன்பு. திட்டுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பிறகு, “மைக் என் அப்பாவிடம் இருந்தது” என்றார். “உன்னிடமும் இருந்தது.” கை கொடுத்தார். அந்தக் கையின் அர்த்தமும் எனக்கு விளங்கவில்லை.

இன்னும் குழப்பம் வேண்டுமா? இந்தாருங்கள். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் போராடி, பிறகு வந்த தையல்காரப் பெண்களை நிரந்தரமாக்கினோம். யாப்பையும் திருத்தினோம். உங்கள் கிளைக்குழுவில் இன்று மூன்று தங்கச்சிமார் இருக்கிறீர்களே, உங்கள் கழுத்தில் தொங்குகிற நிரந்தர அட்டை அந்தத் தாளின் பலன். அப்படியானால் வேலைநிறுத்தம் வென்றதா? வென்றது. யாருக்கு? அந்த இடத்தில் வந்து என் பேனா நின்றுவிடுகிறது. நாங்கள் ஆறு பேர் இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கையே எழுந்திராது. நாங்கள் ஆறு பேர் அப்படி இல்லாவிட்டால் பதினெட்டுப் பேர் அப்படிப் போயிருக்கவும் மாட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் கடிதம் போட்டதால்தான் போன மாதம் மேர்சியைத் தேடிப் போனேன். நண்டுச் சதை எடுக்கிற ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். மத்தியான ஓய்வில், கவிழ்த்த பெட்டியொன்றில் இருந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“என்ன செக்கிறட்டரி அண்ணே, இந்தப் பக்கம்? மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ?”

“தெரியாது மேர்சி.”

“மன்னிப்பெண்டா ஃபாதரிட்டக் கேளுங்கோ, அவர் சும்மா குடுப்பார். எனக்கு அந்த மிச்சத்தைச் சொல்லுங்கோ. சுருக்காமச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கேற்றைத் திறவுங்கள் என்றதிலிருந்து, பிழையைச் செய்தவரின் மகன் என்றது வரை. ஒன்றரை நிமிடம் எடுத்தது. அவள் விரலில் ஒட்டியிருந்த நண்டு ஓட்டைக் கிள்ளி எடுத்தபடி கேட்டாள்.

“நாங்க ஏலாது எண்டு சொல்லிப்போடுவம் எண்டுதானே பயந்தனீங்க?”

“ஓம்.”

“கூட்டத்துக்கு முதல்நாள் நாங்க பதினெட்டுப் பேரும் கோயில் மண்டபத்தில இருந்து கதைச்சனாங்க. ஃபாதர்தான் திறந்துவிட்டவர். எங்களோட தைக்கிற முஸ்லிம் பிள்ளையள், றிஸானா ஆக்களும் வந்தவை. கப்பல் வாற அண்டைக்கு நாங்க மெஷினைத் தொடுறேல்லை எண்டு எல்லாரும் சொல்லி முடிச்சம். அதை உங்களுக்குச் சொல்லத்தானே வேலியடிக்கு வந்து நிண்டனாங்க.”

நான் கேட்டேன், “வேலை போகுமெண்டு தெரியாதோ?”

“உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாதோ? எங்களைக் கேட்டு வேலை போயிருந்தா, அது நாங்களா விட்டதாப் போயிருக்கும். இப்ப எங்கட வேலையை நீங்க விட்டதாப் போச்சு.”

உள்ளே மணி அடித்தது. அவள் எழுந்தாள். போகும் முன்பு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், நண்டுத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கேலியா, கோபமா, அல்லது உண்மையாகவேதானா என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

“இந்தாங்கோ அண்ணே. எண்ணுங்கோ” என்றாள்.

பதினெட்டு வரை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை, நான் தலையாட்டும்வரை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கிளையின் பழைய கூட்டக் குறிப்பேடு இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிறது. நீல மட்டை. அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருக்கும். அதை வெட்ட வேண்டாம், நான் செய்தது அப்படியே நிற்கட்டும். அதற்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருக்கும். அதில் எழுதுங்கள்: வேலிக்கு வெளியே, பதினெட்டு. ஓம்.